இடமில்லை என்போருக்கு

"கல்முனைக் கரையில் புகையிரதப் பாதைக்கு இடமேது?" என்று கேட்போர் நம்மிடையே உளர், கற்றோரும் அவருள் அடங்குவர் என்பதே வருந்தத்தக்கது. இக்கூற்று 1863ஆம் ஆண்டிலேயே பொய்த்துப் போயிற்று. நெரிசலில் திணறிய இலண்டன் நகரத்தார் வீதியை அகழ்ந்து, செங்கல் வளைவு கட்டி, மீண்டும் மூடி, அதனடியே நீராவிப் புகையிரதத்தை ஓட்டினர். அன்று திறந்த பேக்கர் வீதி நிலையத்தின் மேடைகள் இன்றும் பயன்படுகின்றன: நடுவே இரு பாதைகள், இருமருங்கும் மேடைகள், மேலே ஒற்றை வளைவு, ஒளி இறங்கவும் புகை வெளியேறவும் பக்கச் சுவர்களிற் சாய்வான குழிகள்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களின் அடியில் சுரங்கம் அகழுமாறு நாம் கேட்டோமில்லை. மணலும் ஊற்றுநீரும் அதற்கு இசையா. மேற்கே சம்மாந்துறை, இறக்காமம் வழியாக வட்டையோரம் மேட்டுப்பாதை அமைக்கலாமே! வயலிழப்போர்க்கு ஈடும், வெள்ளம் வடிய மதகுகளும் வேண்டும்தான். அவை பேசித் தீர்க்கத்தக்கவை.

1928இல் மட்டக்களப்பை அடைந்த பாதை அங்கேயே நின்றுவிட்டது. மாத்தறையில் முடிந்திருந்த பாதையோ 2019இல் பெலியத்தைவரை நீண்டது. நமக்கு வாய்த்தது பெயரொற்றுமை மட்டுமே: திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரியும் கல்லோயாச் சந்தி, நம் வயல்களுக்கு நீரூட்டும் கல்லோயாவுக்கு வெகுதொலைவில், வடக்கே கிடக்கிறது! இறக்காமத்து நோயாளியொருவர் கொழும்புப் புகையிரதம் ஏறுவதற்கே முதலில் மட்டக்களப்புவரை பேருந்தில் குலுங்கவேண்டும். இடமில்லை என்போர் ஒருமுறை அவருடன் சென்றுவரட்டும்.