இருக்கைக்கு ஏறும் வழியும் கிரேனின் பாகம்தான்

பழைய இராணுவ மீட்பு லொறி ஒன்றைப் பார்க்கப் போனால் வின்ச் எத்தனை தொன் இழுக்கும், கம்பிக்கயிற்றில் எங்கே இழை அறுந்திருக்கிறது, ஹைட்ரோலிக் குழாய் கசிகிறதா என்றுதான் நம்மவர்கள் விசாரிப்பார்கள். ஒப்பரேற்றர் தன் இருக்கைக்கு எப்படி ஏறுகிறார் என்று கேட்பவர் அரிது. சுமை தொங்கும்போது சுற்றி நிற்கும் அத்தனை கண்களும் அதன் மேல்தான் இருக்கும். அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் யாரும் பார்ப்பதில்லை.

1950களில் வந்த அமெரிக்க எம்-543, அதற்குப் பின் வந்த எம்-816 ஆகிய ஐந்து தொன் மீட்பு லொறிகளை, அதாவது ரெக்கர்களை, எடுத்துக்கொள்வோம். சாரதியின் ஆசனம் முன்னே கபினில் இருக்கிறது. கிரேன் ஒப்பரேற்றரின் ஆசனமோ பின்தளத்தில், சுமை தூக்கும் பூமை ஒட்டி, சுழலும் மேசையோடு சேர்ந்தே இருக்கிறது. நிலத்திலிருந்து பின்தளத்துக்கு ஒரு ஏற்றம், அங்கிருந்து ஆசனத்துக்கு இன்னொரு ஏற்றம். 11.00-20 அளவு ரயர் மட்டுமே ஒரு மீற்றருக்கு மேல் உயரம். சப்பாத்து அணிந்த இளம் சிப்பாயை மனதில் வைத்து அமைத்த வண்டி அது. நம் கராஜ்களிலோ ஐம்பது வயது தாண்டியவர், செருப்போடு, மழையில், ரயரின் மேல் கால் வைத்து ஏறுகிறார்.

ஏறுவதற்கான அடிப்படை விதியை எல்லோரும் அறிவோம். வண்டியைப் பார்த்தபடி ஏற வேண்டும், அதே முகமாகத்தான் இறங்கவும் வேண்டும். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எந்நேரமும் வண்டியில் பதிந்திருக்க வேண்டும். கையில் ஷக்கிளோ கைபேசியோ இருந்தால் இந்த விதி அந்தக் கணமே முறிந்துவிடும். சாமானைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுங்கள். வழுக்கும்போது மோதிரம் ஏதாவது விளிம்பில் மாட்டினால், உடல் எடை முழுவதையும் அந்த ஒரு விரல் தாங்க வேண்டி வரும்.

ஆனால் இந்த வண்டிகளுக்கென்றே இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, எஞ்சின் விசையை எடுத்து ஹைட்ரோலிக் பம்பை ஓட்டும் பி.ரி.ஓ.வைச் சாரதி கபினிலேயே இணைத்துவிடுகிறார். ஒப்பரேற்றர் ஆசனத்துக்கு ஏறும் வேளையில் அவர் முன்னாலுள்ள லீவர்கள் ஏற்கனவே உயிரோடு இருக்கின்றன. கைப்பிடி கழன்றுபோன பழைய வண்டியில், ஏறுபவரின் கை அந்த லீவர்களைத்தான் தேடிப் போகும். ஒரு லீவரைப் பிடித்துத் தன்னை மேலே இழுத்தால் பூமோ மேசையோ அசையும். அவர் பாதி வழியில் நிற்கும்போதே ஆசனம் நகரும். ஆகவே அவர் ஏறி அமர்ந்து குரல் கொடுத்த பிறகே பி.ரி.ஓ.வை இணைக்க வேண்டும். இறங்கும்போது முதலில் அதைக் கழற்ற வேண்டும். சாரதியும் ஒப்பரேற்றரும் இதை வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல் வேலை முறையாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஆசனம் மேசையோடு சுழல்கிறது, படி சுழல்வதில்லை. பூம் நேராக இருந்தபோது காலுக்குக் கீழே இருந்த படி, வேலை முடிந்து பூம் பக்கவாட்டில் நிற்கும்போது அங்கே இராது. இரவில், மழையில், பழக்கப்பட்ட இடத்தில் கால் வைக்கும் ஒப்பரேற்றருக்கு அங்கே வெறுமைதான். பூமைப் பயண நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டே இறங்க வேண்டும். சுமையைக் கொக்கியில் விட்டுவிட்டு ‘ஒரு நிமிசம்’ என்று இறங்குவதற்கு இடமே இல்லை.

வெள்ளவத்தையில் தொடங்கும் உப்புக் காற்று பாமன்கடை வரைக்கும் இரும்பை விடுவதில்லை. படியைத் தாங்கும் தகட்டை அடியிலிருந்து பாருங்கள். மேலே பெயின்ற் பளபளக்கும், உள்ளே துரு செதிளாக உரியும். இன்னொன்று, தகுதிச் சான்றிதழுக்கு வண்டியைக் கொண்டுபோகும் முன் செக்கர் பிளேற் மேல் இனாமல் பூசுகிறோம். வருடாவருடம் பூசினால் வழுக்காமலிருக்க எழுப்பிய வரிகள் நிரம்பி, தட்டு கண்ணாடியாகிவிடும். அந்தத் தட்டைச் சுரண்டி, மணல் கலந்த பெயின்ற் பூசுவதற்கு அரை நாள் போதும்.

படிக்கு அளவும் உண்டு. கபின் எஞ்சினுக்கு மேல் அமைந்த உயர்ந்த லொறிகளுக்கு அமெரிக்க மத்திய அரசின் விதி, முதல் படி நிலத்திலிருந்து 609 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்கிறது. படி 204 கிலோ எடையைத் தாங்க வேண்டும். 127 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தகடு அதில் அடங்க வேண்டும். இங்கே அது சட்டமல்ல, பழைய ரெக்கருக்கென எழுதியதும் அல்ல. ஆனாலும் ஒட்டு வேலைக்காரரிடம் சொல்வதற்குக் கையில் ஓர் அளவு இருக்கிறது. நிலம் தாழ்ந்த இடத்தில் கீழ்ப்படியைச் சங்கிலியில் தொங்கவிட்டால் கால் பட்டதும் உள்ளே போய்விடும். அதைத் தவிருங்கள்.

குதித்து இறங்குபவர்களுக்கு ஒரு சொல். முழங்காலும் கணுக்காலும் அந்த அடியைப் பல ஆண்டுகளுக்குக் கணக்கு வைத்திருக்கும். குதிக்க அனுமதியுள்ள ஒரே நேரம், பூம் மின்கம்பியில் பட்டிருக்கும்போது வண்டியில் தீயும் பிடித்தால். மற்றபடி மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை ஆசனத்திலேயே இருக்க வேண்டும். தீயினால் வெளியேறியே ஆக வேண்டுமானால், வண்டியையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரு காலையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் சிறு சிறு அடியாக விலகிப் போக வேண்டும். ஒழுங்கைகளில் தாழ்வாகக் கம்பிகள் ஓடும் பகுதியில் வேலை செய்யும் நாம் இதை உதவியாளருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வந்தால், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்காக எழுதப்பட்டது. மீட்பு வேலை நடப்பதோ காலி வீதியின் ஓரத்தில். 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் வீதியோர மீட்பு வேலைக்கென ஒரு வழிகாட்டியை மூன்று மொழியிலும் வெளியிட வேண்டும் என்று இந்தக் கட்டுரை கேட்கிறது. அது வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. கம்பிக்கயிற்றையும் கொக்கியையும் பதியும் அதே புத்தகத்தில் படி, கைப்பிடி, தட்டு என்று மூன்று வரியைச் சேர்த்து, வாரம் ஒருமுறை கையெழுத்திட்டால் போதும். தங்கள் வண்டிக்குப் படி செய்து பொருத்திய வாசகர்கள் அளவோடு படம் அனுப்பினால் அடுத்த இதழில் அச்சிடுவோம்.