மோட்டார் கற்பித்த பாடம்



காட்டுப்பள்ளியில் வாழும் தாய் ஒருவர் கையில் ஒரு பில்லுடன் என்னைக் காண வந்தார். முருங்கையும் கீரையும் விளையும் அவரது சிறு தோட்டத்திற்கு நீர் இறைக்கும் மோட்டார் பழுதாகிவிட்டது. ஆயிரம் ரூபாயில் முடியும் என எண்ணிக் கடையில் கொடுத்தார். பில்லோ 4,600 ரூபாய்! "பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு வைத்த பணம், சாமி! இது அநியாயம் இல்லையா?" எனக் கண்கலங்கினார்.

அவரது துயரம் நியாயமானதே. ஆயினும், கடைக்காரரைக் கள்வர் என உடனே தீர்ப்பிடலாமா? கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உள்ள ஊர் இது. உப்பு நீரும் உப்புக் காற்றும் இரும்பைத் தின்றுவிடும். 2010-இல் இங்குத் திறக்கப்பட்டது போன்ற, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் உப்பைத் தாங்கும் உலோகங்களைத் தேர்ந்து பயன்படுத்துவர். வீட்டு மோட்டாரின் வார்ப்பிரும்புக்கு அவ்வலிமை இல்லை. சீல் தேய்ந்தால் நீர் கசியும், பேரிங் துருப்பிடிக்கும், முடிவில் காயில் எரியும். புதிதாகக் காயில் கட்டச் செம்புக் கம்பியின் விலையோடு உழைப்பவரின் கூலியும் சேரும்.

அத்தாயுடன் கடைக்குச் சென்றேன். கழற்றிய பாகங்களைக் காட்டுமாறு கேட்டோம். மூன்றும் மெய்யாகவே பழுதுற்றிருந்தன. எரிந்த செம்புக் கம்பி மட்டும் கணக்கில் வரவில்லை. அதற்கும் விலை உண்டு; அது மோட்டாரின் உடைமையாளருக்கே உரியது. பணிவுடன் சுட்டிக்காட்டியதும் கடைக்காரர் 500 ரூபாய் குறைத்தார். மீதியை இரு தவணைகளில் பெறவும் இசைந்தார்.

கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் நாம் அறிந்திருக்கிறோம். மோட்டாருக்கும் அது பொருந்தும். வேலை தொடங்குமுன் செலவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்கு மேல் ஆகுமானால், சொல்லிவிட்டுச் செய்யுமாறு கூறுங்கள். புதிய மோட்டாரின் விலையில் பாதியைத் தாண்டினால், புதியதே வாங்கலாமா எனச் சிந்தியுங்கள். பில் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்; 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முறையிடலாம்.

நம் காசு வியர்வையில் வந்தது. மெக்கானிக்கின் கூலியும் அவ்வாறே. கேட்க வேண்டியதை முன்னரே கேட்போம். கொடுக்க வேண்டியதைக் குறையாது கொடுப்போம்.