ஏஜெண்ட் சொல்லும் கணக்கு

“உத்தமபாளையத்தில் 20 பேரில் 12 பேருக்கு எங்கள் டீத்தூள் பிடிக்கிறது, பண்ணைப்புரத்தில் 8 பேருக்குத்தான்” என்று ஏஜெண்ட் ஒருவர் சொன்னால், அதை நம்பி டவுன் கடைக்குப் பெட்டி பெட்டியாக இறக்கலாமா? கூடாது என்பேன்.

கார்ல் பியர்சன் 1900-இல் தந்த கை-வர்க்கச் சோதனை இதற்கென்றே உள்ளது. இரண்டு ஊருக்கும் ருசி ஒன்றுதான் என்றால் ஊருக்குப் பத்துப் பேர் ‘பிடிக்கும்’, பத்துப் பேர் ‘பிடிக்காது’ என்றிருக்க வேண்டும். வித்தியாசம் 2, அதன் வர்க்கம் 4, பத்தால் வகுத்தால் 0.4. நான்கு கட்டமும் கூட்டினால் 1.6. இது 3.84-ஐத் தாண்டினால்தான் வித்தியாசம் உண்டென்று கொள்வது வழக்கம். இதே விகிதம் ஊருக்கு 200 பேரிடம் வந்திருந்தால் 16 ஆகியிருக்கும். நானே பெட்டிகளை இறக்கியிருப்பேன். (பாக்கி வைத்திருப்பவர் கடைக்காரர் எதிரில் சொல்லும் பதில் தனிக்கதை.)

ஒரே ஆட்களுக்கு இரண்டு தூளையும் கொடுத்துக் கேட்டிருந்தால் இக்கணக்கு செல்லாது. அதற்கு 1947-இல் மெக்நெமர் சொன்ன முறை வேண்டும். ஆகவே, ஆர்டர் எழுதுமுன் எத்தனை பேரை, எப்படிக் கேட்டார்கள் என்று விசாரியுங்கள்.