ஒரு தெருப்பலகையும் ஒரு லட்சம் கோடியும்

ஐதராபாத் நானக்ராம்குடாவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தை ஒட்டிச் செல்லும் சாலைக்கு ‘டொனால்ட் டிரம்ப் அவென்யூ’ என்று பெயர் சூட்டப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது தெலங்கானா அரசு. வெளியுறவுத் துறைக்கும் டெல்லி அமெரிக்கத் தூதரகத்துக்கும் கடிதம் போகும் என்றார்கள். கூகுள் தெரு, மைக்ரோசாஃப்ட் சாலை, விப்ரோ சந்திப்பு என்று பட்டியல் நீள்கிறது. நிறுவனங்களின் பெயரையாவது பொறுத்துக்கொள்ளலாம், விளம்பர வாடகை வசூலிக்க வழியுண்டு. டிரம்பிடம் எதை வசூலிப்பது?

பதவியிலிருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவருக்கு அயல்நாட்டில் இப்படியொரு மரியாதை உலகிலேயே முதல்முறை என்ற பெருமிதம் வேறு. அதுவும் சந்தேகம்தான். 1978 ஜனவரியில் ஜிம்மி கார்ட்டர் வந்துபோன சூட்டோடு ஹரியாணாவின் தௌலத்பூர் நசீராபாத் கிராமம் கார்ட்டர்புரி ஆனது. அன்று அவர் அதிபர்தான். இதே டிரம்புக்கு, அவருடைய முதல் ஆட்சிக்காலத்தில், 2019இல் கோலான் மேட்டில் ‘ராமத் டிரம்ப்’ என்று ஒரு குடியிருப்பையே எழுதிக்கொடுத்தது இஸ்ரேல். 2025 ஆகஸ்டில் ஆர்மீனியா, அஜர்பைஜான் உடன்பாட்டில் பிறந்த போக்குவரத்துப் பாதைக்கும் அவர் பெயரே. கும்பிடு போடுகிற வரிசையில்கூட நாம் பின்னால்தான் நிற்கிறோம்.

அவர் நமக்குச் செய்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கு பூட்டி ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி போட்டார். செப்டம்பர் 19இல், புதிதாக எச்-1பி விசாவில் ஆளெடுக்கும் நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் 88 லட்சம் ரூபாய். 2024 நிதியாண்டில் ஒப்புதல் பெற்ற எச்-1பி விண்ணப்பங்களில் 71 விழுக்காடு இந்தியர்களுடையவை. அந்த அடி எங்கே விழும் என்று அமீர்பேட்டைப் பயிற்சி மையங்களில் கேட்டால் தெரியும். சில்கூர் பாலாஜிக்கு விசா வேண்டிப் பதினொரு சுற்று வருபவர்கள் இனி எத்தனை சுற்று வருவார்களோ.

2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகப் பக்கங்களையும் துருவத் தொடங்கினார்கள். அதற்காக, பெயர்சூட்டு அறிவிப்பு வந்த அதே வாரத்தில், ஏற்கெனவே கொடுத்த நேர்காணல் தேதிகளை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டது அமெரிக்கத் தூதரகம். பழைய தேதியில் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்ற எச்சரிக்கையும் உண்டு. விடுப்பில் ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். ‘டிரம்ப் அவென்யூ’வை எக்ஸ் தளத்தில் கேலி செய்த குக்கட்பள்ளி இளைஞன், டிரம்ப் அவென்யூவில் வரிசையில் நின்று, அந்தக் கேலிக்கு அதிகாரியிடம் விளக்கம் சொல்ல வேண்டிவரலாம்.

இந்தப் பெயர்சூட்டல் முதலீட்டுக்காக என்று சொல்வார்கள். சரி, முதலீட்டுக்கு வருவோம். 2025 டிசம்பர் 8, 9 தேதிகளில் பாரத் ஃபியூச்சர் சிட்டியில் நடந்த ‘தெலங்கானா ரைசிங்’ உலக மாநாட்டில் பெரிய கைதட்டல் வாங்கியது எது? டிரம்ப் மீடியா அண்ட் டெக்னாலஜி குரூப் பத்து ஆண்டுகளில் ஒரு லட்சம் கோடி ரூபாய் போடும் என்று அதன் இயக்குநர் எரிக் ஸ்விடர் அறிவித்தாரே, அதுதான். தலைப்புச் செய்தியாகப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்த நிறுவனத்தின் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள்?

நான் பார்த்தேன். ட்ரூத் சோஷியல் தளத்தை நடத்தும் இந்த நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வருமானம் மொத்தம் 36 லட்சம் டாலர். கோடியல்ல, லட்சம். ரூபாயில் சுமார் 30 கோடி. அபிட்ஸில் நடுத்தரமான ஒரு நகைக்கடை இதைவிட அதிகம் விற்கும். அதே ஆண்டில் நட்டம் 40 கோடி டாலர். வருகிற 30 கோடி ரூபாயில் ஒரு பைசாகூடச் செலவழிக்காமல் அப்படியே உண்டியலில் போட்டால், ஒரு லட்சம் கோடி சேர 3,300 ஆண்டுகள் ஆகும். எகிப்தில் இரண்டாம் ராம்சேஸ் அரியணையில் இருந்தபோது உண்டியலைத் திறந்திருந்தால் இப்போது நிரம்பியிருக்கும். அவர்களிடம் பிட்காயின் இருக்கிறதே என்பீர்கள். 2025 ஜூலையில் சொன்ன கணக்குப்படி, அது சார்ந்த பத்திரங்களையும் சேர்த்துச் சுமார் 200 கோடி டாலர். அது முழுவதையும் விற்றுத் தெலங்கானாவில் கொட்டினாலும் சொன்ன தொகையில் கால்பங்கு தேறாது.

அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய பங்கு அதிபருடைய அறக்கட்டளையில், மகனின் பொறுப்பில் இருக்கிறது. 2025 ஜூலை 30இல் நம்மீது 25 விழுக்காடு வரி என்று டிரம்ப் அறிவித்ததும், மறுநாள் நம்முடையதைச் செத்த பொருளாதாரம் என்று எழுதியதும் இதே ட்ரூத் சோஷியலில்தான். எந்தத் தளத்தில் உட்கார்ந்து நம்மைச் செத்தவர்கள் என்றாரோ, அந்தத் தளத்துக்காரர்கள் வந்து லட்சம் கோடி என்கிறார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு வியர்க்கக்கூட இல்லை. ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன்: அந்த லட்சம் கோடியில் ஒரு ரூபாயும் பாரத் ஃபியூச்சர் சிட்டி அமையும் கந்துகூர் மண்டல எல்லையைத் தாண்டி உள்ளே வராது.

முகஸ்துதி பலன் தரும் என்பவர்கள் சுவிட்சர்லாந்தைக் காட்டுகிறார்கள். 2025 நவம்பரில் அந்நாட்டுத் தொழிலதிபர்கள் வெள்ளை மாளிகைக்குத் தங்கக்கட்டியும் ரோலக்ஸ் மேசைக் கடிகாரமும் எடுத்துப் போனார்கள். பத்து நாளில் 39 விழுக்காடு வரி 15ஆக இறங்கியது. உண்மைதான். ஆனால் அவர்கள் கொடுத்தது தங்கம், நாம் கொடுப்பது தகரப் பலகை. சந்தை விலைகூடத் தெரியாமல் பேரத்துக்குப் போகிறோம்.

தூதரகத் தெருவுக்குப் பெயர் வைப்பது பழைய கலை, அதை முதுகெலும்போடு செய்தவர்களும் உண்டு. வியட்நாம் போர் கொழுந்துவிட்டு எரிந்த 1960களின் இறுதியில், கல்கத்தாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்த ஹாரிங்டன் தெருவை ஹோ சி மின் சரணி என்று மாற்றினார்கள் இடதுசாரிகள். அமெரிக்க அதிகாரிகள் தாங்கள் போர் தொடுத்த மனிதரின் பெயரை அன்றாடம் தங்கள் முகவரியில் எழுத வேண்டிவந்தது. இன்றும் அதே முகவரிதான். அதனால் கல்கத்தாவில் விசா கொடுப்பதை நிறுத்திவிட்டார்களா? அமெரிக்கர்களுக்கே இந்தக் கலை அத்துப்படி. வாஷிங்டனில் சோவியத் தூதரகத்தின் முன்னால் 1984இல் சோவியத் ஆட்சியை எதிர்த்த சகாரவ் பெயரை வைத்தார்கள். இன்றைய ரஷ்யத் தூதரகத்தின் முன்னால் 2018இல் கொல்லப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் நெம்ட்சோவ் பெயரை வைத்தார்கள். சவூதித் தூதரகத்தின் முன்னால் 2022இல் கொலையுண்ட பத்திரிகையாளர் கஷோகியின் பெயரை வைத்தார்கள். எவரும் புதினுக்கோ சவூதி இளவரசருக்கோ அங்கே அவென்யூ திறக்கவில்லை. தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டி உலகத்தரம் என்கிறாரே, இதுவும் உலகத்தரம்தான்.

எதிர்க்கட்சிகள் துள்ளுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. பெயர் மாற்றும் ஆசையிருந்தால் ஐதராபாத்தைப் பாக்யநகர் ஆக்குங்கள் என்றார் பாஜகவின் மத்திய இணையமைச்சர் பண்டி சஞ்சய். 2020 பிப்ரவரியில் அகமதாபாத் மைதானத்தில் ஒரு லட்சம் பேரை உட்காரவைத்து ‘நமஸ்தே டிரம்ப்’ சொன்னதும், டிரம்ப் போகும் வழியில் குடிசைகள் தெரியாமலிருக்க மதில் எழுப்பியதும் சஞ்சயின் கட்சி ஆட்சியில்தானே? பாரத ராஷ்டிர சமிதிக்கும் வாயில்லை. 2017 நவம்பரில் டிரம்பின் மகள் இவாங்கா வருகிறார் என்று நகரத்துப் பிச்சைக்காரர்களை அள்ளிக்கொண்டு போனது அவர்கள் ஆட்சி. எல்லோரையும் விஞ்சுவது காங்கிரஸ். 2025 ஜூன் மாதம் போபாலில் ராகுல் காந்தி, டிரம்பின் ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிரதமர் சரணடைந்துவிட்டார் என்று முழங்கினார். ஆறு மாதத்தில் அவர் கட்சி முதல்வர் பலகையோடு நிற்கிறார். போபாலில் சரணாகதியாக இருந்தது நானக்ராம்குடாவில் ராஜதந்திரமாகிவிட்டது.

அந்தச் சாலைக்குப் பெயர் வேண்டும்தான். 2017 பிப்ரவரி 22 அன்று கன்சாஸ் மாநிலம் ஒலேத்தேயில், மதுக்கூடத்தில் அமர்ந்திருந்த ஐதராபாத் பொறியாளர் ஒருவரை, என் நாட்டைவிட்டுப் போ என்று கத்தியபடி ஒருவன் சுட்டுக்கொன்றான். கூட இருந்த நண்பருக்கும் காயம். தடுக்க எழுந்து ஓடிய 24 வயது உள்ளூர் அமெரிக்கர் மார்பிலும் கையிலும் குண்டு வாங்கினார். அவருக்கு வீடு வாங்க ஹூஸ்டன் இந்தியர்கள் திரட்டிக் கொடுத்த தொகை ஒரு லட்சம் டாலர். 2025இல் ஒரு புதிய எச்-1பி விசாவுக்கு டிரம்ப் வைத்த விலையும் அதே ஒரு லட்சம் டாலர்.

ஒன்று, கொல்லப்பட்ட நம் பிள்ளையின் பெயரை வையுங்கள். அமெரிக்கர் பெயர்தான் வேண்டுமென்றால், நம்மவருக்காகக் குண்டடி பட்ட அந்தக் கன்சாஸ்காரரின் பெயரை வையுங்கள். தேடி எடுக்கத் தலைமைச் செயலகத்துக்கு ஐந்து நிமிடம் ஆகாது. டெல்லிக்குப் போகும் கடிதத்தில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். அமெரிக்கத் தூதரகம் மறுக்கட்டும், பார்க்கலாம்.