மலிவு எது?



வரும் திங்களில் கூடவிருக்கும் நம் செயற்குழுவின் முன் ஒரு சிறிய கேள்வி வைக்கப்படும். நம் கார்ப் பந்தயக் குழுவுக்குப் புதிய லிபோ பாட்டரிகள் வாங்க வேண்டும். கையிலுள்ள கருவியால் கம்பியின்றி ஓட்டுகிறோமே, அந்தச் சிறு ஆர்.சி. கார்களையும் ட்ரக்குகளையும்தான் சொல்லுகிறேன். விலைப்பட்டியலில் எது அடிமட்டத்தில் இருக்கிறதோ அதில் ஆறு வாங்கிவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. நான் மாறுபட்ட கருத்துடையவன். மூன்று பாட்டரி போதும்; மிஞ்சும் பணத்தில் ஒரு நல்ல சார்ஜர் வாங்குவோம் என்பது என் கட்சி. காரணம் காட்டாமல் கட்சி பேசுவது முறையன்று. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

முதலில் என் குற்றத்தை நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன். முதலாண்டில் நான் வாங்கிய முதல் பாட்டரி, கடையில் இருந்தவற்றுள் மிக மலிவானது. சிற்றுண்டிக் காசை மிச்சம் பிடித்து வாங்கியது. அதைக் காரில் பொருத்தினேன், ஓட்டினேன், மகிழ்ந்தேன். காரின் வேகத்தை ஆளும் இ.எஸ்.சி. என்னும் பெட்டியில் ஒரு சிறு ஜம்பர் உண்டு. பழைய நிக்கல் பாட்டரிக்கு ஓர் இடம், லிபோவுக்கு ஓர் இடம் என்று அதை மாற்றிச் செருக வேண்டும். நான் செருகவில்லை. விளைவு என்ன? பாட்டரி தீர்ந்த பிறகும் கார் அதை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. செல் ஒவ்வொன்றும் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. இறங்கிய பாட்டரியை, கூடவே கிடைத்த ஒரு சின்னஞ்சிறு சார்ஜரில் மாட்டி, கட்டிலின் மேல் வைத்துவிட்டு நான் மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பாட்டரி வராந்தாவில் கிடந்தது. வயிறு ஊதி, மேலுறை தையல்விட்டுப் பிளந்திருந்தது. அறையில் ஏதோ தித்திப்பான மருந்து வாசனை. என் அறைத்தோழன் ஒடிசாக்காரன். காரும் தெரியாது, பாட்டரியும் தெரியாது. வாசனை பிடிக்கவில்லை என்று பிளக்கைப் பிடுங்கி, துண்டால் சுற்றி வெளியே எறிந்திருக்கிறான். தீப்பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எரிந்திருப்பது என் மெத்தை மட்டுமா? என் விளையாட்டில் எந்தப் பங்கும் இல்லாத அவன் புத்தகங்களும் அல்லவா! அன்று முதல் ‘மலிவு’ என்ற சொல்லைக் கேட்டாலே நான் இரண்டு முறை யோசிக்கிறேன்.

பாட்டரியின் மேல் குற்றம் சுமத்துவதற்கு முன் அதன் இயல்பை அறிதல் வேண்டும். 1991-இல் சந்தைக்கு வந்த லித்தியம் அயனிப் பாட்டரியின் வழிவந்ததே லிபோ. அந்த ஆராய்ச்சிக்காக குடெனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அறிவியலில் குறையில்லை, நாம் அதை வாங்கும் முறையில்தான் குறை. லிபோவின் ஒரு செல்லுக்குப் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். நிறைந்தால் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஒரு துளியும் ஏற்றலாகாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கலாகாது. இந்த இரு கரைகளுக்குள் ஓடும் வரை அது நல்ல ஆறு. கரை மீறினால் உள்ளே வாயு உண்டாகி உறை ஊதும். சில வேளை தீயும் பிடிக்கும். இரண்டு செல் சேர்ந்தது 2எஸ், 7.4 வோல்ட். மூன்று சேர்ந்தது 3எஸ், 11.1 வோல்ட். உங்கள் இ.எஸ்.சி.யும் மோட்டாரும் எதைத் தாங்குமோ அதைத்தான் வாங்க வேண்டும். 2எஸ் வண்டிக்கு 3எஸ் பூட்டுவது, மாட்டு வண்டிக்குக் குதிரை பூட்டுவது போல. இரண்டு நாள் வேடிக்கை. மூன்றாம் நாள் அச்சு முறியும்.

சென்ற வாரம் முதலாண்டுத் தம்பி ஒருவன் கைப்பேசியில் ஒரு பாட்டரியைக் காட்டினான்.

“அண்ணா, இதில் 100சி என்று போட்டிருக்கிறது. விலையும் குறைவு. இதையே ஆறு வாங்கிவிடலாமே?”

“தம்பி, எடை எவ்வளவு என்று போட்டிருக்கிறான்?”

“எடை எதற்கு அண்ணா? நாம் என்ன தோசை மாவா வாங்குகிறோம்?”

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். ஆனால் அவனுக்குச் சொன்ன விடையை இங்கே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

‘சி’ என்பது பாட்டரி எவ்வளவு விரைவாக மின்சாரத்தைக் கொடுக்க வல்லது என்பதைக் குறிக்கும் எண். 5000 எம்.ஏ.எச். என்றால் 5 ஆம்பியர்-மணி. அதை 100-ஆல் பெருக்கினால் 500 ஆம்பியர். 7.4 வோல்ட்டில் 500 ஆம்பியர் என்றால் 3700 வாட். குளிர்காலத்தில் நாம் வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் 1500 வாட் ஹீட்டர் கம்பிகள் இரண்டை ஒருசேர எரித்தாலும் 3000 வாட்தான். உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்று அதனினும் மிகுதியாக இடைவிடாமல் கொடுக்குமாம். அதுவும் 60 ஆம்பியருக்கென்று செய்த எக்ஸ்டி60 இணைப்பான் வழியாக! நம்புகிறவர்கள் நம்பட்டும்.

சரி, நமக்குத் தேவை எவ்வளவு? கணக்கு எளிது. நம் பத்தில் ஒரு பங்கு அளவுக் கார், 5000 எம்.ஏ.எச். பாட்டரியில் 20 நிமிடம் ஓடுகிறதென்றால், சராசரியாக 15 ஆம்பியர் எடுக்கிறது என்று பொருள். சட்டென்று முடுக்கும்போது இதைப்போல் சில மடங்கு எடுக்கும். மெய்யான 30சி இருந்தாலே 150 ஆம்பியர், அது தாராளம். பாறை ஏறும் ட்ரக்குக்கு இவ்வளவும் வேண்டாம். அது மெல்லப் போவது. சிறிய, எடை குறைந்த பாட்டரியை முன்பக்கம் வைத்தால் ஏற்றத்தில் முன் சக்கரம் நன்றாகப் பிடிக்கும். ஆகவே 100சி என்ற எண்ணுக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்கக் கூடாது. அந்த எண்ணை நம்பி ஒரு மட்டமான பாட்டரியை வாங்கவும் கூடாது.

எடை பொய் சொல்லாது. லித்தியமும் தாமிரமும் அலுமினியமும் உள்ளே இருந்தால்தான் மின்சாரமும் உள்ளே இருக்கும். கெட்டியான பிளாஸ்டிக் உறையுள்ள 2எஸ் 5000 எம்.ஏ.எச். பாட்டரி சுமார் 250 முதல் 300 கிராம் வரை இருக்கும். அதே எண்ணை ஒட்டிக்கொண்டு 150 கிராம் மட்டுமே நிறுத்தால், உள்ளே இருப்பது 5000 அன்று என்று அறியலாம். எடையைப் போடாத விற்பனையாளரிடம் எடையைக் கேளுங்கள். சொல்லவில்லையா, வேறு கடை பாருங்கள்.

எடைக்கு அடுத்தது உள்மின்தடை. நல்ல சார்ஜர்கள் பல இதை அளந்து காட்டும். செல்லுக்கு 3 மில்லி ஓம் என்றால், 2எஸ் பாட்டரிக்கு மொத்தம் 6. 50 ஆம்பியர் ஓடும்போது 0.3 வோல்ட் குறையும். 15 வாட் வெப்பமாகும். செல்லுக்கு 10 மில்லி ஓம் என்றால் ஒரு முழு வோல்ட் குறையும். 50 வாட் வெப்பமாகும். அந்த வெப்பத்தில் கார் நகராது, பாட்டரிதான் வேகும். இங்கே மே மாதத்து வெயில் 45 பாகையைத் தொடுகிறது. வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும் ஊரில், உள்ளிருந்து மேலும் கொதிக்கும் பாட்டரி நமக்கு வேண்டுமா?

இனி அளவு. ஸ்கேல் எடுத்து வண்டியின் பாட்டரித் தட்டை மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்குக் கார்களுக்கான வழக்கமான பெட்டி சுமார் 139 × 47 × 25 மில்லிமீட்டர். கம்பி எந்தப் பக்கம் வெளிவருகிறது என்றும் பாருங்கள். ஆர்.சி. கார் கல்லிலும் மண்ணிலும் புரள்வது. ஆதலால் கெட்டி உறையுள்ளதே நமக்கு ஏற்றது. இணைப்பான் எல்லாப் பாட்டரிக்கும் ஒரே இனமாக இருக்கட்டும். மாற்ற வேண்டியிருந்தால் ஒரு கம்பியை வெட்டி, பற்றவைத்து, மூடிய பின்னரே மற்றதை வெட்ட வேண்டும். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டியவன் பறக்கும் பொறியைப் பார்த்து ஒருநாளும் மறக்க மாட்டான்.

கடையில் நேரில் வாங்கினால் மல்டிமீட்டரைக் கொண்டு போங்கள். பாட்டரியின் சிறிய வெள்ளை இணைப்பான் வழியே ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்கலாம். இரண்டும் 3.8 வோல்ட்டை ஒட்டி ஒன்றுபோல் இருந்தால் நன்று. ஒன்று 3.85, மற்றது 3.5 என்றால், கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். தபாலில் வரவழைத்தால் முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, முழுதும் ஏற்றி, சார்ஜரிலேயே இறக்கி, எத்தனை எம்.ஏ.எச். வந்தது என்று பார்த்த பிறகு மற்றவற்றை வாங்கலாம். பொறுத்தார் பொருள் காப்பார்.

இப்போது சார்ஜருக்கு வருகிறேன். யானை வாங்கிவிட்டு அங்குசம் வாங்க யோசித்தவன் கதை நம் பாட்டிமார் சொன்னது. பாட்டரி யானை, சார்ஜர் அங்குசம். செல்களைச் சமமாக நிரப்பி, 4.2 வோல்ட்டில் நிறுத்தி, விடுமுறைக்கு முன் 3.8 வோல்ட்டில் கொண்டுவந்து வைக்கும் சார்ஜர் இல்லாமல் எவ்வளவு உயர்ந்த பாட்டரியும் நெடுநாள் வாழாது. 5000 எம்.ஏ.எச். பாட்டரிக்கு 5 ஆம்பியர் அளவே ஏற்றுவது நல்லது. 2எஸ் என்றால் அதற்கு 42 வாட் வேண்டும். 3எஸ் என்றால் 63 வாட். ஆகவே 80 வாட் சார்ஜர் ஒன்று நம் எல்லா வண்டிக்கும் பொருந்தும். அதில் ஒரு பாட்டரி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறு பாட்டரியை ஏற்ற ஆறு மணி நேரத்துக்கு மேல்! நம் மாலைப் பொழுதோ இரண்டு மணி நேரம். மூன்று பாட்டரி ஒரு மணி நேர ஓட்டம் தரும். மீதி மூன்று அலமாரியில் கிடந்து மூப்பெய்தும். லிபோ ஓடாவிட்டாலும் வயதாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு கணக்கும் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்கே. 1800 ரூபாய்ப் பாட்டரி 50 முறை உழைத்தால் ஓட்டத்துக்கு 36 ரூபாய். 3000 ரூபாய்ப் பாட்டரி 150 முறை உழைத்தால் ஓட்டத்துக்கு 20 ரூபாய். மலிவு எது?

“அப்படியானால் விலை மிகுந்ததையே வாங்கு என்கிறாயா?” என்று பொருளாளர் கேட்பார். இல்லை. விலைமிகுந்த பட்டையும் ஒரு பட்டைதான். போட்டி ஓட்டக்காரனுக்காகச் செய்த பாட்டரி நமக்கு வேண்டாம். எடையைச் சொல்லும், செல்களை ஒன்றுபோல் தரும், பழுதானால் மாற்றித் தரும் நடுத்தர விலைப் பொருளே நமக்கு உகந்தது. மன்றத்துப் பணம் சந்தாப் பணம். கார் ஓட்டாதவர்களும் கொடுத்த பணம். அது ஊதிக் கிடக்கும் ஆறு பெட்டிகளாக மாறுவதைக் காண எனக்கு மனமில்லை.

இன்னும் ஒன்று. கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், நிறைய ஏற்றிய பாட்டரியைப் பூட்டிய அறையில் விட்டுவிட்டு ரயிலேறுகிறோம். இரண்டு மாதம் அது அந்த வெப்பத்தில் வேகிறது. திரும்பி வந்து பார்த்தால் ஊதியிருக்கிறது, கம்பெனியைத் திட்டுகிறோம். 3.8 வோல்ட்டில் வைத்துவிட்டுப் போனால் இந்தத் திட்டு மிச்சம். ஊதியதை மீண்டும் ஏற்றாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். 2022-இல் வந்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி அதைச் சேகரிப்போரிடமே சேர்க்க வேண்டும். மின்னேற்றும்போது கட்டிலும் மெத்தையும் வேண்டாம். வெறுந்தரையில் ஒரு மண் சட்டிக்குள் வைத்து, ஆள் அருகிலிருந்து ஏற்றுங்கள். மண் சட்டி நம் ஊர்ப் பொருள், விலையும் சொற்பம்.

ஆகவே என் தீர்மானம் இது: ஒரு நல்ல சார்ஜர், நடுத்தர விலையில் மூன்று பாட்டரி, ஒரு மல்டிமீட்டர், ஒரு மண் சட்டி. செயற்குழு இதை ஏற்குமானால் அடுத்த ஆண்டும் இதே பாட்டரிகளில் நம் கார்கள் ஓடும். ஏற்காவிட்டாலும் வருத்தமில்லை; ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பட்டையிலுள்ள எண்ணைப் படிப்பதற்கு முன், பக்கத்துக் கட்டிலில் உறங்குகிறவனை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.