தீவுப் பயணம்: எது மலிவு, எது விலை? ஜொகூர் குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு

மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டாக 2026 கொண்டாடப்படுகிறது. ஜொகூரும் இதே ஆண்டைத் தன் வருகை ஆண்டாக அறிவித்துள்ளது. சுற்றுலா விளம்பரங்களில் முதலிடம் பிடிப்பவை மெர்சிங் கடற்பகுதித் தீவுகள். ஆனால் ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், கூலாய், குளுவாங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அவை இன்னும் படங்களில் மட்டுமே பார்த்த இடங்கள். ஆசை இருந்தாலும் கட்டுப்படியாகாது என்பதே வழக்கமான பதில். அந்தப் பதில் பாதி உண்மைதான். மீதிப் பாதி, கணக்கை எப்படிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில், எல்லாத் தீவுகளும் ஒரே விலையில் இல்லை. மெர்சிங்கிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள ரவா தீவு, விரைவுப் படகில் அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் அங்கிருப்பவை சொகுசு விடுதிகள். 1970களின் இறுதியில் வியட்நாமிய அகதிகள் தங்கவைக்கப்பட்ட தெங்கா தீவும் இன்று உயர்விலை விடுதித் தீவாகிவிட்டது. சிபு, திங்கி தீவுகளில் கிராமங்களும் எளிய தங்குமிடங்களும் உண்டு. சிபுவுக்கு மெர்சிங் செல்லத் தேவையில்லை. தஞ்சோங் லெமான் படகுத்துறையே போதும். பெமாங்கில், ஆவுர் தீவுகள் நடுக்கடலில் வெகு தொலைவில் உள்ளவை. தியோமான் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது என்றாலும் பெரும்பாலோர் மெர்சிங் வழியாகவே அங்கு செல்கின்றனர். அருகில் இருப்பதெல்லாம் மலிவு, தொலைவில் இருப்பதெல்லாம் விலை என்று கொள்ள முடியாது.

இரண்டாவது, பயணக் காலம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை நீடிக்கும். அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பால் படகுச் சேவை குறையும். பல விடுதிகள் மூடப்படும். தீபாவளி, பொங்கல், தைப்பூசம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் இந்தப் பருவத்திலோ அதன் வாசலிலோதான் வருகின்றன. 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், நீண்ட ஆண்டிறுதி விடுமுறையும் மழைக்காலத்தில் விழுகிறது. உறவினர்கள் ஒன்றுகூடும் நாட்களில் தீவுக் கதவு அடைத்திருக்கும். மார்ச் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களே எஞ்சியவை. அதிலும் ஜூன் மாதம் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை. ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் நிலையில், அந்த மாதத்து அறைகளுக்கு ரிங்கிட்டில் ஊதியம் பெறும் குடும்பம் போட்டியிடுவது கடினம்.

மூன்றாவது, கிழமை. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோர் பள்ளி செல்லும் பிள்ளைகளுடன் இரண்டு நாளும் சேர்ந்திருக்க இது வழி செய்தது. ஆனால் தீவுப் பயணத்தில் இதற்கு ஒரு விலை உண்டு. முன்பு மற்றவர்கள் வேலையில் இருக்கும் வெள்ளிக்கிழமையில் ஜொகூர்வாசிகள் படகேறலாம். இப்போது கோலாலம்பூர், சிங்கப்பூர், ஜொகூர் மூன்றுக்கும் ஒரே வார இறுதி. ஒரே படகுத்துறையில் அனைவரும் கூடும்போது விலை இறங்க வாய்ப்பில்லை.

இனி கணக்குக்கு வருவோம். எரிபொருள், வாகன நிறுத்தம், படகு, கடல் பூங்காக் கட்டணம் ஆகியவை ஓர் இரவு தங்கினாலும் மூன்று இரவு தங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இவை 600 ரிங்கிட் என்றும், அறையும் உணவும் ஓர் இரவுக்கு 300 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் இரவுப் பயணத்துக்கு 900 ரிங்கிட், இரண்டு இரவுக்கு 1,200 ரிங்கிட்.

மெர்சிங் ஆற்றுமுகம் ஆழமற்றது. கடல் ஏற்றத்தைப் பொறுத்தே தியோமான் படகுகளின் நேரம் அமையும். நண்பகலில் புறப்பட்டு, மறுநாள் காலையிலேயே திரும்ப நேர்ந்தால், ஓர் இரவுப் பயணத்தில் தீவில் கிடைக்கும் பகல் நேரம் எட்டு மணி அளவுதான். இன்னோர் இரவு சேர்த்தால் அது 20 மணி நேரமாகிறது. செலவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கிடைக்கும் நேரமோ இரண்டரை மடங்காகிறது. மலிவு என்று நினைத்து எடுத்த ஓர் இரவுப் பயணமே உண்மையில் விலை உயர்ந்தது.

இந்த 1,200 ரிங்கிட் சிறிய தொகையன்று. நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட். அதில் பத்தில் ஏழு பங்கு ஒரே பயணத்தில் போய்விடும். மாதம் 100 ரிங்கிட் ஒதுக்கினால் அது ஓராண்டுச் சேமிப்பு. ஓராண்டுச் சேமிப்பை எட்டு மணி நேரத்துக்குச் செலவிடுவதா, 20 மணி நேரத்துக்கா என்பதே கேள்வி.

பள்ளி விடுமுறை வாரத்தின் நடுநாட்களில் சென்றால் அறை விலை குறையலாம். ஆனால் விடுப்புக்கும் விலை உண்டு. வாரம் ஆறு நாள் வேலை செய்பவரின் குறைந்தபட்ச நாள் ஊதியம் சுமார் 65 ரிங்கிட். கணவன், மனைவி இருவரும் இரண்டு நாள் ஊதியமில்லா விடுப்பு எடுத்தால் 260 ரிங்கிட் இழப்பு. கழிவு அதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் வார நாள் பயணம் லாபம். ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எந்த நிலையிலும் மிச்சம் பிடிக்கக் கூடாத ஓர் இனம் பாதுகாப்பு. 2007 அக்டோபரில், நோன்புப் பெருநாள் கூட்டத்துடன் தியோமான் நோக்கிச் சென்ற படகு தீப்பற்றி எழுவர் உயிரிழந்தனர். 2022 ஏப்ரலில் மெர்சிங் அருகே தோக்கோங் சாங்கோல் பகுதியில் முக்குளித்த நால்வர் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டனர். மூவர் மீட்கப்பட்டனர், 14 வயதுச் சிறுவன் மாண்டான். படகுக்கு உரிமம் உண்டா, எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா என்று கேட்காமல் ஐம்பது ரிங்கிட் குறைவு என்பதற்காக ஏறுவது சிக்கனமாகாது.

படகை மொத்தமாக வாடகைக்கு எடுத்தால் கட்டணம் படகுக்குத்தான், தலைக்கு அல்ல. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் சுமை பகிரப்படும். ஆலய இளைஞர் பிரிவுகளும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதை எளிதாக ஒருங்கிணைக்கலாம். அரசுக்கும் பங்கு உண்டு. கடல் பூங்காக் கட்டணத்தில் மலேசியர்களுக்குச் சலுகை இருந்தாலும், குடும்பத்தின் மொத்தச் செலவில் அது மிகச் சிறு பகுதி. வார நாட்களில் உள்ளூர் மக்களுக்கான படகு, அறைச் சலுகையே உண்மையான உதவியாக இருக்கும். சுல்தான் இஸ்கந்தார் கடல் பூங்காவின் பவளப் பாறைகளும் சிபு, திங்கி தீவுகளின் கடற்புல் திட்டுகளில் மேயும் கடற்பசுக்களும் ஜொகூர்ப் பிள்ளைகளின் சொத்து. வெளியூரார் பார்த்துத் திரும்பும் காட்சியாக மட்டும் அவை முடிந்துவிடக் கூடாது.