ரெண்டர் குவாலிட்டி: பெஸ்ட் வேண்டாம், லோவும் வேண்டாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி வீடியோ எடிட்டிங் பழகுபவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "ரெண்டர் குவாலிட்டியில் எதை வைப்பது?" என்பதுதான். மெனுவில் லோ, மீடியம், ஹை, பெஸ்ட் என்று வரிசையாக இருக்கும். பலர் கண்ணை மூடிக்கொண்டு பெஸ்ட் வைக்கிறார்கள். சிலர் இடம் மிச்சமாகட்டும் என்று லோ வைக்கிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன். நான் இன்ஜினியரிங் முடித்த வருடம் தாத்தாவுக்குச் சதாபிஷேகம் நடந்தது. மொபைலில் எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டி 360பி அளவில் ரெண்டர் செய்தேன். சின்ன ஃபைல், எல்லோருக்கும் சுலபமாக அனுப்பலாம் என்று மகிழ்ச்சி. ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லாததால் ஒரிஜினல்களை அழித்துவிட்டேன். மறு வருடம் தாத்தா காலமானார். ஃப்ரேம் போட, அவர் சிரிக்கும் காட்சியை நிறுத்திப் படமாக எடுத்துப் பெரிதாக்கினால், முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஏஐ மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். முகம் பளிச்சென்று வந்தது. பாட்டி பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்றார். ரெண்டரில் போன விவரம் போனதுதான். ஏஐ தருவது ஊகித்து வரைந்த முகம்.

அதற்காக எல்லாவற்றையும் உச்சத்தில் வைக்க வேண்டுமா? தேவையில்லை. பெயரைப் பார்க்காமல் பிட்ரேட்டைப் பாருங்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 8 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 1 எம்பி. ஒரு மணி நேர வீடியோ சுமார் 3.6 ஜிபி. அதையே 50 எம்பிபிஎஸ் ஆக்கினால் 22.5 ஜிபி! 30 ஃப்ரேம் கொண்ட சாதாரண 1080பி வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பதே 8 எம்பிபிஎஸ்தான். ஃபேட்32 முறையில் உள்ள பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது என்பதையும் மறக்காதீர்கள்.

இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் பிட்ரேட்டுக்குப் பதில் ஆர்எஃப் என்ற எண் இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். 1080பிக்கு 20 முதல் 24 வரை போதும்.

720பியில் எடுத்ததை 4கே ஆக ரெண்டர் செய்வதும் வீண் வேலை. இல்லாத விவரம் வந்துவிடாது. நேரமும் இடமும்தான் செலவாகும்.

முழு வீடியோவையும் ரெண்டர் செய்யும் முன், ஆட்டம், கூட்டம் என்று அசைவு அதிகமுள்ள 30 விநாடியை மட்டும் ரெண்டர் செய்து, வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள். திருப்தி என்றால் அதே செட்டிங்தான் உங்களுக்குச் சரி.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ஒரிஜினலை வேறொரு டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். அது இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக ரெண்டர் செய்து கொள்ளலாம். இல்லாவிட்டால், என்னைப் போல் வருத்தப்பட மட்டுமே முடியும்.